பாதி பிஸ்கட்

உருண்டைகள் உட்காரத் தொடங்கிவிட்டன, ஓவனுக்குள் எரியும் மஞ்சள் விளக்கில் பன்னிரண்டும் ஒன்றுபோல இடுப்பு தளர்ந்து, ஓரம் விரிந்து, மேலே சின்னச் சின்ன வெடிப்பு விட்டுத் தட்டையாகிக்கொண்டிருக்கின்றன, கண்ணாடிக் கதவில் என் முகமும் தெரிகிறது, கன்னத்தில் ஒரு பிஸ்கட், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று, நெற்றித் தழும்பின் மேல் சரியாக ஒன்று, நான் தரையில் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பார்வையை எடுத்தால் கருகிவிடும் என்று பயம், மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லை, போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது, அதனால் உருட்டுவதற்கு முன் இன்னொரு சிட்டிகை போட்டேன், அது ஒரு சிட்டிகைதானா என்பதும் இப்போது சந்தேகமாக இருக்கிறது, கை நடுங்கினால் சிட்டிகை எங்கே சிட்டிகையாக இருக்கும், மணி பதினொன்று நாற்பது, அப்பா பத்தரைக்கே வந்திருக்க வேண்டும்.

காலை ஆறேகாலுக்குப் பேசினார், கோயம்புத்தூருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் இருக்கும் மறுவாழ்வு இல்லத்தின் ஆபீஸ் போனிலிருந்து, தொண்ணூறு நாள் முடிஞ்சுது பாப்பா, கையெழுத்துப் போட்டுட்டேன், பையையும் குடுத்துட்டாங்க, கிளம்பறேன், என்றார், நாங்க வந்து கூட்டிட்டு வர்றோம்ப்பா என்றேன், வேணாம் வேணாம், நான் என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளயா, இருவத்தஞ்சு வருசம் அந்த மலைப் பாதையில வேன் ஓட்டுனவன், பஸ்ஸுல உக்காந்து வரத் தெரியாதா எனக்கு, என்று சிரித்தார், வைக்கப் போகிறார் என்று நான் நினைத்தபோது, அந்தப் புதினா பிஸ்கட் போடுறியா பாப்பா, சாக்லேட் போட்டு, முன்ன செஞ்சியே, என்றார், சரிப்பா என்று சொல்லிவிட்டேன், சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன், கறிக்குழம்பு கேட்டிருக்கலாம், அதிரசம் கேட்டிருக்கலாம், தொண்ணூறு நாள் சாம்பார் சாதம் சாப்பிட்ட மனிதர் உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், போயும் போயும் புதினாவை ஏன் கேட்டார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள், அங்கே நேற்றே கட்டி வைத்துவிட்ட பை இருக்கிறது, அப்பாவின் இரண்டு காக்கிச் சட்டை, மூன்று கைலி, கம்பளிக் குல்லா, முகம் மழிக்கிற சாமான், எல்லாம் மடித்து அடுக்கிய பை, அதை எடுத்து வாசல் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேசினாள், இது மூணாவது தடவ, ரெண்டு தடவ உள்ள விட்டுட்டு அழுதேன், இந்தத் தடவ வாசல்லயே மோந்து பாப்பேன், சுத்தமா இருந்தா உள்ள வரட்டும், அடிச்சுதுன்னா பையத் தூக்கிட்டு அப்படியே போயிரணும், நீ நடுவுல வரக் கூடாது, சொல்லிட்டேன், என்றாள், கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், அம்மாவின் கோபம் எனக்குப் பழக்கம், கோபத்தில் சொன்னதை அவள் சாயங்காலமே மறந்துவிடுவாள், இதை அவள் பட்டாணி உரிக்கிற குரலில் சொன்னாள்.

அம்மாவின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவள் பதினெட்டு வருடமாகத் தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங்கில் இருக்கிறாள், தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அங்கே பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது, பவுடர் கூடாது, தேங்காயெண்ணெய்கூடத் தொட்டும் தொடாமலும்தான், பதினெட்டு வருடம் தன் மேல் ஒரு வாசனையும் இல்லாமல் வாழ்ந்தவளுக்கு அடுத்தவர் மேல் இருக்கிற எல்லா வாசனையும் தெரியும், நான் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன் என்பதைக்கூடச் சொல்லிவிடுவாள், அந்த மூக்கு ஒரே ஒரு வாசனையிடம்தான் தோற்றுப்போனது, அது புதினா, அந்தத் தோல்விக்குத் துணை நின்றவள் நான், இது அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று இந்த இருபத்து மூன்று வயது வரைக்கும் எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் வந்ததில்லை.

வேனின் முன் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஏழு வயது, கால் தரைக்கு எட்டவில்லை, டேஷ்போர்டில் மாதா சுரூபம், அதன் காலடியில் வெள்ளைப் புதினா மிட்டாய்ப் பொட்டலம், அப்பா டூரிஸ்டுகளை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வேன், சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார், கீழே எங்கேயோ ஒரு மரத்தடியில் நிறுத்தி, இரு பாப்பா, அப்பா ஒரு ஆளப் பாத்துட்டு வந்துடறேன் என்று போவார், வரும்போது கண் சிவந்து, பாட்டுப் பாடிக்கொண்டு, உலகத்திலேயே நல்ல அப்பாவாக வருவார், பொட்டலத்திலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்து இரண்டாக்கி, பாதி உனக்கு, பாதி எனக்கு, என்பார், மேலே ஏற ஏறக் குளிரும், கண்ணாடியில் ஊது பாப்பா, யாரு ஊதுனது பெருசுன்னு பாப்போம், நான் ஊதுகிறேன், அவரும் ஊதுகிறார், கண்ணாடியில் இரண்டு வெள்ளை வட்டம், வேன் முழுக்கப் புதினா, நான் என் வட்டத்தில் என் பெயரை எழுதுகிறேன், அவர் வட்டத்தில் அவர் பெயரை, ஞானப்பிரகாசம் என்று முழுதாக எழுதி முடிப்பதற்குள் வட்டம் மறைந்துவிடும், ஞானப்பிர வரைக்கும்தான் எழுத முடியும், அதற்கும் சிரிப்போம், வீட்டு வாசலில் அம்மா நிற்பாள், ஊதுங்க என்பாள், அப்பா போலீஸ்காரனைக் கண்டவர்போல் கையைக் கட்டிக்கொண்டு ஊதுவார், மிட்டாய் எதுக்கு என்பாள், பாப்பா கேட்டா ரெஜினா, வாங்குனேன், எனக்கும் ஒரு துண்டு குடுத்தா, என்பார், அம்மா குனிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, ஊதுடி என்பாள், நான் ஊதுவேன், அதே புதினா, நாந்தாம்மா கேட்டேன் என்பேன், பெருமையாக இருக்கும், அப்பாவும் நானும் ஒரு கட்சி, பாவம் அம்மா எதிர்க்கட்சி.

ஏழாவது வளைவில் என்ன நடந்தது என்பதை நான் பலமுறை கனவில் பார்த்திருக்கிறேன், அதனால் எது நடந்தது எது கனவு என்று பிரிக்க முடியவில்லை, பனி இருந்தது, அது நிஜம், அந்தப் பனியும் புதினா மணத்தது என்பது கனவாக இருக்க வேண்டும், அப்பா பாடிக்கொண்டிருந்தார், கைப்பிடிச் சுவர் எங்களை நோக்கி வந்தது, சுவர் வந்ததாகத்தான் எனக்கு ஞாபகம், வேன் போனதாக ஞாபகமில்லை, இரும்பு கல்லில் உரசும் சத்தம், மாதா சுரூபம் என் மடியில் விழுகிறது, என் நெற்றி டேஷ்போர்டில் போய் மோதுகிறது, அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை, கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி, அப்பாவின் கை என் பக்கம் வருகிறது, நெற்றியைத் தடவத்தான் வருகிறது என்று நினைத்தேன், முகத்தில் வழியும் ரத்தத்தைத் துடைக்கத்தான் வருகிறது என்று நினைத்தேன், அந்தக் கை பொட்டலத்தைத் தேடி எடுத்து, ஒரு மிட்டாயைக் கடித்து, பாதியை என் வாயில் வைத்தது, அதற்குப் பிறகுதான் நெற்றியைப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் ஐயோ என்றார், அழுதார், கட்டிக்கொண்டார், அந்த வரிசை எனக்கு மறக்கவில்லை, முதலில் மிட்டாய், அப்புறம் நெற்றி, இது மட்டும் கனவில்லை, ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள், அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள், என்னடி ஆச்சு என்றாள், குறுக்க மாடு வந்துச்சும்மா, என்றேன், அப்பா சொல்லிக் கொடுக்கவில்லை, நானாகவே சொன்னேன், வாயில் இன்னும் புதினா கரைந்துகொண்டிருந்தது.

டைமர் மணி அடித்துவிட்டது, தட்டை இழுத்து மேடையில் வைக்கிறேன், தொட்டால் மெத்தென்று அமுங்குகிறது, வேகாத மாதிரி இருக்கிறது, ஆனால் இப்போதே எடுத்துவிட வேண்டும், ஆறினால்தான் இறுகும், இன்னும் இரண்டு நிமிடம் என்று ஆசைப்பட்டால் கல்லாகிவிடும், இது மார்க்கெட்டுக்கு மேலே நான் வேலை பார்க்கிற ஹோம் மேட் சாக்லேட் கடையில் கற்றுக்கொண்டது, வெந்துவிட்டதா என்று ஓவனுக்குள் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வெளியே எடுத்துக் காத்திருக்க வேண்டும், தொண்ணூறு நாளும் அப்படித்தானோ என்று ஒரு யோசனை வருகிறது, வந்த வேகத்தில் அதை விரட்டுகிறேன், இப்போது தத்துவம் பேசுகிற நேரமா இது. பதினைந்து வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும், பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சர் சாக்லேட் பிஸ்கட் சொல்லிக்கொடுத்தார், அப்பாவுக்குப் புதினா பிடிக்குமே என்று நானாக ஒரு புத்திசாலித்தனம் செய்தேன், புதினாவை வெண்ணெயில் போட்டு லேசாகச் சூடாக்கி, வாசனையை இறக்கி, இலையை வடிகட்டி எடுத்துவிட வேண்டும் என்பது தெரியாமல், வீட்டில் சட்னிக்கு அரைக்கிற மாதிரி மிக்ஸியில் போட்டேன், புதினா என்றாலே பக்கத்தில் பச்சை மிளகாய் வரும் என்று கை பழகிப்போயிருந்தது, ஒன்றைக் கிள்ளிப் போட்டு அரைத்தே விட்டேன், கோகோவும் மைதாவும் கலந்து வேக வைத்த பிறகுதான் மிளகாய் ஞாபகம் வந்தது, ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், பிஸ்கட்டும் இல்லை பிரியாணியும் இல்லை, நாக்கு எரிந்தது, தூக்கிப் போடப் போனேன், அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார், எனக்கா பாப்பா, என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார், அடடா, பிரமாதம் பாப்பா, அடடா, பிரமாதம், ஏழு தின்றார், மிச்சம் நாலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார், நான் வானத்தில் மிதந்தேன், மகள் செய்தது காரமாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் தின்கிற அப்பா யாருக்குக் கிடைப்பார், மறுநாள் துவைக்கும்போது அம்மா அந்தப் பையிலிருந்து பிஸ்கட் தூளைத் தட்டினாள், முகர்ந்து பார்த்தாள், சட்டையை வாளியில் முக்கினாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்குக் காரமே தெரியவில்லை, அவர் அதைத் தின்னவே இல்லை, வாயில் பூசிக்கொண்டார்.

மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது, அம்மா வெளியே படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் சிலுவை போட்டுக்கொண்டாள், எனக்குக் கை வரவில்லை, பன்னிரண்டு என்றால் எனக்குச் சாராயக் கடை திறக்கிற நேரம், பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழே இறங்கினால் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்கும், பத்தரைக்கே வந்து இறங்கி ஒன்றரை மணி நேரம் அந்த ஷட்டர் முன்னால் நிற்கிற பொறுமை அப்பாவுக்கு உண்டு, வேறு எந்தக் காரியத்திலும் இல்லாத பொறுமை, போனும் இல்லை அவரிடம், யாரைக் கேட்பது, இல்லத்துக்குப் போன் செய்தேன், ஆறரைக்கே கிளம்பிட்டாரும்மா என்றார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அம்மா உள்ளே வந்தாள், வாசலில் கால் வைத்ததும் நின்றாள், மூக்கைச் சுருக்கினாள், ஏண்டி, படி வரைக்கும் அடிக்குது, எவ்வளவு புதினா போட்ட, என்றாள், ஒரு கைப்பிடி என்றேன், அம்மா குப்பைக் கூடையைப் பார்த்தாள், அங்கே வெண்ணெயில் வதங்கிப் பிழிந்து போட்ட இலை மூன்று கைப்பிடிக்குக் குறையாமல் கிடந்தது, நல்லா மணக்கட்டுமேன்னு, என்று இழுத்தேன், அம்மா கையிலிருந்த பட்டாணிச் சொளகை மேடையில் வைத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அன்னிக்கும் உன் வாயத்தாண்டி மோந்தேன், இன்னிக்கு வீட்டையே ஊத வச்சிருக்க, என்றாள்.

அப்போதுதான் நான் காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது, புதினா அளவு தெரியாத ஆளா நான், தினமும் கடையில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறவள், அவர் குடித்துவிட்டு வந்துவிட்டால், வந்து வாசலில் நின்றுவிட்டால், அம்மாவின் மூக்கு குழம்பட்டும் என்று, அவர் எப்படியாவது உள்ளே வந்துவிடட்டும் என்று, மூன்று கைப்பிடி போட்டிருக்கிறேன், அவர் வருவதற்கு முன்பே அவருக்காகப் பொய் சொல்லி முடித்துவிட்டேன், வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது, அம்மா, அன்னிக்கு மாடு, என்று ஆரம்பித்தேன், மாடும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், என்றாள் அம்மா, அப்புறம் ஏன் நீ கேக்கல, என்றேன், என்னத்தக் கேக்க, ஏழு வயசுப் புள்ள நெத்தியில ரத்தத்தோட நின்னு அப்பனுக்காகப் பொய் சொல்லுது, அதப் பொய்யின்னு சொல்லி உன்னையும் அழ வைக்கணுமா, அவரு வந்து சொல்லுவாருன்னு இருந்தேன், இன்னிக்கு வரைக்கும் சொல்லல, என்றாள், சொல்லிவிட்டு சொளகை எடுத்துக்கொண்டு வெளியே போனாள், படியில் உட்காரவில்லை, கேட்டுக்கே போய் நின்றுகொண்டாள், வாசனை எட்டாத இடம்.

நான் சமையலறை ஜன்னலைத் திறந்தேன், முன்னறை ஜன்னலையும் திறந்தேன், டிசம்பர் பனி உள்ளே வந்து முகத்தில் அறைந்தது, திறந்தால் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்று ஒரு நினைப்பு, மூடினால் அம்மாவுக்குத் துரோகம் என்று ஒரு நினைப்பு, திறந்தே வைத்தேன், தட்டைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தேன், பிஸ்கட்டுகள் இறுகத் தொடங்கியிருந்தன, இன்னும் ஒரு தட்டுக்கு மாவு மிச்சமிருந்தது, அதை உருட்டி வைத்தேன், உள்ளே தள்ள மனம் வரவில்லை, வெளியே பனி இறங்கி ரோட்டை மூடிக்கொண்டிருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு வேன் வருகிறது, மாதா சுரூபம் தெரிகிறது, கண்ணாடியில் இரண்டு வட்டம் தெரிகிறது, ஞானப்பிர, இல்லை, வேனை விற்று ஆறு வருடமாகிறது, அது பால் வண்டி, அது போய்விட்டது, பனிக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், பாடிக்கொண்டு வந்தால் முடிந்தது, அன்றைக்கும் பாடிக்கொண்டுதான் ஓட்டினார், கடவுளே, பாட்டு வேண்டாம், இருமிக்கொண்டு வரட்டும், திட்டிக்கொண்டு வரட்டும், பன்னிரண்டரை ஆகிவிட்டது, அம்மா கேட்டில் அசையாமல் நிற்கிறாள், அவள் தலையிலிருந்த முக்காட்டில் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது.

பாட்டு இல்லாமல்தான் வந்தார், பாதி உருவமாக முதலில், பிறகு முழுதாக, தோளில் பை, மெலிந்திருந்தார், முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தது, கை முழுக்கக் கிரீஸ், பர்லியாறு தாண்டி ஒரு லாரி குறுக்க நின்னுபோச்சு ரெஜினா, ரெண்டு மணி நேரம், பஸ்ஸுக்காரன் எல்லாத்தையும் இறக்கி விட்டுட்டான், டிரைவர் பையன் புதுசு, பயந்துட்டான், நாந்தான் கைகாட்டி ரிவர்ஸ் எடுக்க வச்சேன், என்று மூச்சுவிடாமல் சொன்னார், அம்மா கேட்டைத் திறக்கவில்லை, அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் வாசற்படியில் தெரிந்த பையைப் பார்த்தார், அது யாருடைய பை என்று புரிந்திருக்க வேண்டும், தன் தோள்பையைக் கீழே வைத்தார், அம்மா கேட்பதற்கு முன் தானாகக் குனிந்தார், கையைக் கட்டவில்லை, கேலி செய்யவில்லை, கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுக்கு மேலாக, அம்மாவின் முகத்தில் ஊதினார், அந்தக் குளிரில் அவர் மூச்சு வெள்ளையாகப் போய் அம்மாவின் முகத்தை மூடியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கை வலித்தது, அம்மா கண்ணை மூடியிருந்தாள், இன்னொரு தடவ, என்றாள், அவர் மறுபடி ஊதினார், மிட்டாய் எதுவும் இல்லையா, என்றாள், எதுவும் இல்ல, என்றார், அம்மா கொண்டியை நீக்கினாள், பீடி நாத்தம் குடலப் புடுங்குது, போய் வாயக் கொப்புளிச்சுட்டு வாங்க, என்றாள், நான் ஜன்னலுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் கை கழுவி, வாய் கொப்புளித்து, சமையலறைக்குள் வருவதற்குள் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தட்டை ஓவனுக்குள் தள்ளிவிட்டேன், செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே, பாப்பா, என்றார், நெளிந்துகொண்டு நின்றார், விருந்தாளி மாதிரி, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு இரண்டாக உடைத்தார், ஒரு பாதியை என் பக்கம் நீட்டினார், பழக்கத்தில் நீட்டியதுதான், கள்ளம் இல்லை, ஆனாலும் என் வாய் ஏழு வயதுக்குப் போய்த் திறக்கப் பார்த்தது, நெற்றி சுரீரென்றது, எனக்கு வேணாம்ப்பா, முழுசும் நீங்களே சாப்புடுங்க, என்றேன், நீட்டிய கை அப்படியே நின்றது, அவர் முகம் ஒரு கணம் என்னவோ ஆனது, அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா கையை இழுத்துக்கொண்டார், ஒரு பாதியை வாயில் போட்டு மெதுவாக மென்றார், அடடா பிரமாதம் வரப்போகிறது என்று நான் காத்திருக்கிறேன், அது வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் காத்திருக்கிறேன், அவர் மெல்லுவதை நிறுத்தினார், புருவத்தைச் சுருக்கினார், மறுபடி மென்றார், பாப்பா, உப்பு ஜாஸ்தி போட்டுட்டியா, கரிக்குதே, என்றார்.

அம்மா வந்து அவர் கையிலிருந்த மற்றப் பாதியை எடுத்தாள், எத்தனையோ வருடமாகப் புதினாச் சட்னிகூட அரைக்காதவள், அதை வாயில் போட்டு, ஆமா, கடல் தண்ணியாட்டம் இருக்கு, இதத்தான் கடையில விக்கிறீங்களா, என்றாள், நான் சிரித்தேன், அழுகையும் சேர்ந்து வந்தது, ரெண்டு தடவ போட்டுட்டேன்ப்பா, பயத்துல, என்றேன், அப்பா என்ன பயம் என்று கேட்கவில்லை, ஓவன் முன்னால் என் பக்கத்தில் வந்து குந்தினார், முட்டி சடசடவென்றது, உள்ளே இரண்டாவது பன்னிரண்டு உருண்டைகள் உட்காரத் தொடங்கியிருந்தன, அதே உப்பு, அதே மூன்று கைப்பிடி, கண்ணாடியில் இப்போது இரண்டு முகம், அவருக்குப் பின்னால் அம்மாவின் புடவை, என் முகத்தில் இந்த முறை பிஸ்கட் தள்ளி விழுந்திருந்தது, தழும்பு தெளிவாகத் தெரிந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைத் திரும்பிப் பார்க்காமல், கண்ணாடியில் இருக்கிற என்னை, லாரி நின்னது ஏழாவது வளைவுல, என்றார், ரெண்டு மணி நேரம் அந்தச் சுவரத்தான் பாத்துட்டு இருந்தேன், பூசியிருக்காங்க, பூசுன எடம் மட்டும் வேற நெறமா இருக்கு, என்றார், பிறகு, ரெஜினா, அன்னிக்கு மாடு ஒண்ணும் வரல, நான் குடிச்சிருந்தேன், என்றார்.

பின்னால் பட்டாணி ஒன்று சொளகில் விழும் சத்தம் கேட்டது, இன்னொன்று கேட்டது, அவள் உரிக்க ஆரம்பித்திருந்தாள், பதினாறு வருடம் காத்திருந்த பேச்சு வந்துவிட்டது, அவளுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலும், நாளைக்கும் வாசல்ல ஊதிட்டுத்தான் உள்ள வரணும், என்றாள் கடைசியில், சரி, என்றார் அப்பா, அதுக்கு மறுநாளும், என்றாள், சரி, என்றார், டைமர் அடித்தது, நான் துணியைப் பிடித்து ஓவன் கதவைத் திறந்தேன், கண்ணாடியோடு சேர்ந்து எங்கள் முகங்களும் கீழே சாய்ந்து மறைந்தன, உள்ளேயிருந்து வெந்நீராவி போலச் சூடாக, புதினாவாக, சாக்லேட்டாக, ஒரே மூச்சாக எங்கள் மூன்று பேர் முகத்திலும் ஊதியது ஓவன், நான் பயத்தோடு திரும்பி அம்மாவைப் பார்த்தேன், அவள் மூக்கை மூடிக்கொள்ளவில்லை.